பெரியம்மையின் 417

மார்த்தாண்டத்தில் எங்கள் கடை இருக்கிற சந்துக்குள் திரும்பினாலே மண்ணெண்ணெய் வாசம் வரும். இப்போது மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் ரிப்பேருக்கு வருவதில்லை. ஆனாலும் சுவர் அந்த வாசத்தை விடவில்லை. அப்பா பெட்ரோமாக்ஸ் வாடகைக் கடையாக ஆரம்பித்தது. கல்யாண வீடு, கோயில் கொடை, குருசடித் திருவிழா எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் லைட் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு மேன்டில் கட்டுகிற வேலை. சின்னத் துணிப்பை மாதிரி இருக்கும். கட்டிப் பற்றவைத்தால் துணி எரிந்துபோய் வெள்ளைச் சாம்பல் கூடு மட்டும் நிற்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அந்தச் சாம்பல்தான் அவ்வளவு வெளிச்சத்தையும் தருகிறது.

இன்றைக்கு நான் கேஸ் அடுப்பு, குக்கர் ரிப்பேர் பார்க்கிறேன். பின்னறையில் மட்டும் 14 விளக்குகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் சுரங்கத் தொழிலாளர்களின் விளக்குகள். ஒன்றைத் தவிர மற்ற 13-ம் மண்ணுக்கடியில் போய் வந்தவை. அந்த ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "நம்ம ஜில்லாவுல ஏது சுரங்கம்?" நிலக்கரிச் சுரங்கம் கிடையாதுதான். ஆனால் மணவாளக்குறிச்சி மணலை மறந்துவிடக் கூடாது. இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்துதான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் அதில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட்டிலிருந்து தோரியம் வருகிறது. மேன்டில் எரிந்த பிறகு நிற்கிற அந்த வெள்ளைச் சாம்பலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் கண்டுபிடித்த கணக்கு அது. அப்பா வாழ்நாள் முழுக்க மேன்டில் கட்டினார். அந்த வெளிச்சத்தின் மூலப்பொருள் ஒரு பஸ் தூரத்தில் கடற்கரையில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கே அவர் போன பிறகுதான் தெரிந்தது. அவரிடம் சொல்லியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மணலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

சரி, சுரங்க விளக்குக்கு வருகிறேன்.

என் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மை, நர்ஸ். இந்த மாவட்டத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பெண் நர்ஸ் படித்து வடக்கே போகும். பெரியம்மை போனது தன்பாத் பக்கம், நிலக்கரி வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு. முப்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட அங்கேயே இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுக் கருங்கல் ஊருக்குத் திரும்பி வந்தபோது கொண்டுவந்த இரும்புப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் ஒரு விளக்கு இருந்தது. பழைய துண்டில் சுற்றிவைத்திருந்தார். ஒரு மைனிங் சர்தார் கொடுத்தாராம். சுரங்கத்தில் ஆட்களை இறக்கிவிடுவதற்கு முன்னால் காற்றைச் சோதித்துப் பார்க்கிற பொறுப்பு சர்தாருக்கு. அவருடைய மகளுக்கு நடந்த கஷ்டமான பிரசவத்தில் பெரியம்மை இரண்டு ராத்திரி கூடவே இருந்திருக்கிறார். "பைசா தந்தா நான் வாங்கமாட்டேன்னு அவருக்குத் தெரியும்" என்பார். விளக்கறையிலிருந்து கழித்துவிட்ட விளக்கைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

பல வருஷம் அது பெரியம்மையின் கட்டிலுக்கடியில் கிடந்தது. 2011-ல் ஒருநாள், "நீதான் விளக்குக்காரன், நீயே வச்சுக்கோ மக்களே" என்று என் கையில் கொடுத்தார்.

கையில் வாங்கியதும் கனம்தான் முதலில் தெரிந்தது. ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நல்ல கனம். அடியில் பித்தளை எண்ணெய்த் தொட்டி. அதன்மேல் தடித்த கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றி நாலைந்து தூண். அதற்கு மேலே இரும்புத் தொப்பி, உச்சியில் கொக்கி. முன்பக்கத் தகட்டில் எக்கிள்ஸ் என்று ஊர்ப் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர் அது. சுரங்க விளக்குக்கென்றே பேர்போன பட்டறை அங்கே இருந்தது. தொட்டியின் விளிம்பில், தொப்பியின் விளிம்பில், இரண்டிடத்திலும் அச்சுக்குத்திய எண்: 417. தொட்டியில் இருந்த 7 கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கும். குத்தினவரின் கை வழுக்கியிருக்க வேண்டும்.

அன்று ராத்திரியே நான் அதைத் துலக்கினேன்.

விளக்குக் கடைக்காரன் மகனுக்குக் கறுத்த பித்தளையைக் கண்டால் கை சும்மா இருக்காது. புளி, அப்புறம் சாம்பல், அப்புறம் பிராசோ. களிம்பு போய்ப் பொன்னாக மின்னியது. இரும்புத் தொப்பியின் உள்பக்கம் அடையாக இருந்த கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாளும் போட்டேன். கறுப்பு போகாத இடத்தில் கடையிலிருந்த பஃபிங் வீலைக் காட்டினேன். தொப்பி விளிம்பில் இருந்த 417 அதில் பாதி தேய்ந்துபோனது. இன்று அந்த இடத்தைச் சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் 4 தெரியும்.

பெருமையாகக் கருங்கல்லுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியம்மை கண்ணாடி போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். உள்ளே விரல்விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"இதுக்குள்ள இருந்த கறுப்பெல்லாம் எங்க மக்களே?"

"தேச்சுப் போட்டேன் பெரியம்மை."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாயா போட உள்ளே போனார். அந்த விரலை அவர் பார்த்த பார்வைதான் என்னைச் சேகரிப்பில் இறக்கியது. அதுவரைக்கும் நான் விளக்கு என்றால் வெளிச்சம் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

இந்த விளக்கு எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. நிலக்கரிப் பாளங்களுக்குள் மீத்தேன் அடைபட்டுக் கிடக்கும். வெட்ட வெட்ட வெளியே கசியும். காற்றில் அது 5-லிருந்து 15 சதவீதம் வரைக்கும் கலந்திருக்கிற நேரத்தில் ஒரு பொறி போதும். 1812 மே 25-ல் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் அப்படி வெடித்து 92 பேர் செத்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு. வெளிச்சம் இல்லாமல் கரி வெட்ட முடியாது. வெளிச்சம் என்றால் அன்றைக்கு நெருப்பு. அந்த நெருப்பே கொல்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1813-லிருந்து 1815-க்குள் மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்தார்கள்: கிளானி என்ற டாக்டர், ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானி, ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்ற எஞ்சின் மெக்கானிக்.

டேவியின் யோசனை அத்தனை எளிமை. சுடரைச் சுற்றிச் சன்னமான கம்பி வலை போட்டார். அவ்வளவுதான். வலையின் கம்பி சூட்டை இழுத்துக்கொள்கிறது, அதனால் நெருப்பு துளை வழியாக வெளியே தாண்டுகிற அளவுக்குச் சூடு மிஞ்சாது. வாயு உள்ளே வரலாம், எரியலாம், ஆனால் எரிவது உள்ளேயே நின்றுவிடும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு நம்பிக்கை வராமல், கடையிலிருந்த கம்பி வலைத்துண்டை அடுப்பின் பர்னருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் பிடித்து, கேஸைத் திறந்து, வலைக்கு மேல்பக்கம் தீக்குச்சி காட்டினேன். மேலே மட்டும் எரிந்தது. கீழே, பர்னருக்கும் வலைக்கும் இடையில், கேஸ் சீறிக்கொண்டு போகிறது, ஆனால் நெருப்பு இல்லை. முப்பது வருஷம் கேஸ் அடுப்போடு கிடக்கிறவன் நான். அன்றைக்குத்தான் நெருப்பை முதன்முறை பார்த்த மாதிரி நின்றேன். வலை பழுக்கச் சிவந்தால் நெருப்பு கீழே இறங்கிவிடும், அதனால் உடனே அணைத்துவிட்டேன். நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

அங்குலத்துக்கு 28 கண், சதுர அங்குலத்துக்கு 784 கண். இதுதான் வலையின் அளவு. என்னிடம் இருக்கிற விளக்குகளின் வலையை லென்ஸ் வைத்து எண்ணியிருக்கிறேன். 28 வருகிறது. 1816 கணக்கு நூற்றைம்பது வருஷம் கழித்துச் செய்த விளக்கிலும் மாறாமல் நிற்கிறது.

ஆனால் எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் ஸ்டீபன்சன்தான். பதினெட்டு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர். கில்லிங்வொர்த் சுரங்கத்தில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர். வாயு சீறி வருகிற இடத்துக்கே தன் விளக்கைத் தானே ஏந்திக்கொண்டு 1815 அக்டோபரில் உள்ளே போனார். தப்பாகப் போயிருந்தால் முதல் சாவு அவருடையது. டேவி தன் கட்டுரையை ராயல் சொசைட்டியில் வாசித்தது அடுத்த மாதம். ஆனாலும் படிக்காத ஒரு மெக்கானிக் இதைச் செய்திருக்க முடியாது, திருடியிருப்பான் என்று பேசினார்கள். டேவிக்குச் சுரங்க முதலாளிகள் வெள்ளிப் பாத்திரங்களாகப் பரிசு கொடுத்தார்கள். கொதித்துப்போன நியூகாசில்காரர்கள் தாங்களே பணம் திரட்டி ஸ்டீபன்சனுக்கு ஆயிரம் பவுன் கொடுத்தார்கள். அந்தப் பகுதித் தொழிலாளிகள் அவருடைய விளக்கை "ஜார்டி" என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். டேவியையும் குறை சொல்ல முடியாது. காப்புரிமையே வாங்காமல் விட்டார், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று. இருந்தாலும் கையில் கிரீஸோடு யோசித்தவர் பக்கம்தான் நான்.

உண்மையான ஜார்டி விளக்கு இன்று சேகரிப்பவர்கள் கண்ணில் படுவதே அபூர்வம். அதைவிட அபூர்வம் கிளானியின் முதல் விளக்கு. துருத்தி வைத்துத் தண்ணீர் வழியாகக் காற்றை ஊதி எரியவைக்க வேண்டிய பெரிய உருப்படி அது. சுரங்கத்தில் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. எனக்கு அவற்றின் மேல் ஆசை இருக்கிறது. ஆனால் அவை எனக்குக் கிடைக்கப்போவதில்லை, அவற்றின் இடம் மியூசியம்.

எனக்குக் கிடைக்கக்கூடியது அடுத்த தலைமுறை. டேவி விளக்கில் வெளிச்சம் மங்கல், வலையே பாதியை மறைத்துவிடும். காற்று வேகமாக அடித்தால் சுடர் வலையைத் தாண்டிவிடும் என்ற ஆபத்தும் இருந்தது. கீழே கண்ணாடி, மேலே வலை, வலையைக் காற்றிலிருந்து காக்க இரும்புத் தொப்பி என்று பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் திருத்திக்கொண்டே வந்தார்கள். ஜெர்மனியில் ஸ்விக்காவ் என்ற ஊரில் கார்ல் வுல்ஃப் 1880-களில் செய்த விளக்குதான் பெரிய மாற்றம். எண்ணெய்க்குப் பதில் பென்சின் என்ற பெட்ரோல் வகை, பூட்டு காந்தத்தால் மட்டும் திறக்கும், சுடர் அணைந்தால் திறக்காமலே உள்ளுக்குள் பற்றவைக்கலாம்.

பூட்டு ஏன் என்று கேட்பீர்கள். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைத் திறந்துவிடுகிறவர்கள் இருந்தார்கள். பீடி பற்றவைக்கத் திறந்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் திறந்தால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். அதனால் மேலே விளக்கறையில் இருக்கிற பெரிய காந்தத்தில் வைத்தால்தான் உள்ளே ஸ்பிரிங்கில் இருக்கும் இரும்பு முளை நகர்ந்து மரை கழலும்.

417-க்கும் காந்தப் பூட்டுதான். என்னிடம் காந்தம் ஏது? பக்கத்துத் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற நண்பரிடம் சுருள் எரிந்துபோன பெரிய ஸ்பீக்கர்கள் கிடந்தன. அதிலிருந்து மூன்று காந்தங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, தொட்டியின் அடியில் குறிப்பிட்ட இடத்தில் வைத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் காரணமில்லாமல் திறந்து மூடுவேன். தொட்டி கழன்றதும் கண்ணாடி வரும். கண்ணாடியின் இரண்டு விளிம்பும் தேய்த்துச் சமமாக்கப்பட்டிருக்கும், காற்று புகாமல் உட்கார வேண்டும் என்பதற்காக. அதற்கு மேலும் கீழும் வாஷர். பழைய விளக்குகளில் அந்த வாஷர் ஆஸ்பெஸ்டாஸ். சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து அதை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு எடுங்கள். அப்புறம் இரண்டு வலைக்குல்லாய், ஒன்றுக்குள் ஒன்று. ஒன்று பழுதானாலும் இன்னொன்று காக்கும். எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பி வைத்தால் பதினைந்து உருப்படி வரும். இதில் எந்த ஒன்றை மறந்துவிட்டு மாட்டினாலும் அது சாதாரண அரிக்கேன் விளக்குதான்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரமும் வாழையும் கரண்டு கம்பமும் ஒன்றாக விழுந்த நாள். எங்கள் பக்கம் கரண்ட் வரப் பல நாள் ஆனது. அந்த நாட்களில் மறுபடியும் கடையில் பெட்ரோமாக்ஸ் கேட்டு ஆள் வந்தது. நான் பெரியம்மையைக் கருங்கல்லிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தேன். முதல் ராத்திரி வீட்டிலிருந்த பெட்ரோமாக்ஸை ஏற்றினேன். ஓடு பறந்த இடைவெளி வழியாக அடித்த காற்றில் மேன்டில் பொடிந்தது. இரண்டாவது மேன்டிலும் பொடிந்தது. பெரியம்மைதான் சொன்னார்: "அந்தக் குழிவிளக்கை எடு. அது காத்துக்குப் போகாது."

417-ஐ முதல்முறையாக வேலைக்காக ஏற்றியது அன்றுதான். காற்று எப்படி அடித்தாலும் சுடர் லேசாகக் குனிந்து நிமிர்ந்தது, அணையவில்லை. ஆனால் வெளிச்சம்! ஒரு மெழுகுவர்த்தி அளவுக்குக்கூட இல்லை. இந்த வெளிச்சத்தில் எப்படிக் கரி வெட்டினார்கள் என்று கேட்டேன். பெரியம்மை சிரித்தார். அவர் இருந்த காலத்தில் வெட்டுகிறவர்களுக்குத் தலையில் பேட்டரி லைட் வந்துவிட்டதாம். இந்த விளக்கு சர்தார் கையில் மட்டும் இருக்கும். வெளிச்சத்துக்கு அல்ல, காற்றைக் கேட்க.

அப்புறம் திரியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். இன்னும், இன்னும் என்றார். மஞ்சள் ஒரு கடுகு அளவுக்கு வந்தது. "இப்போ அதுக்கு மேல பாரு. இங்க ஒண்ணும் இருக்காது. குழியில வாயு இருந்தா, இந்த மஞ்சளுக்கு மேல நீலமா ஒரு தொப்பி வரும்." சர்தார் அவருக்கு அப்படித்தான் காட்டிக்கொடுத்தாராம். வாயு கூடக் கூட அந்த நீலத் தொப்பி உயரும். ஏறக்குறைய 3 சதவீதத்தில் முழு முக்கோணமாக நிற்கும். 5-ஐ எட்டினால் வலைக்குள் முழுக்க நெருப்பு நிரம்பும். மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே போய்த் தங்கும், அதனால் விளக்கைக் கூரைப் பக்கமாக மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். நான் நாள் முழுக்கக் கையாளுகிற சிலிண்டர் கேஸ் இதற்கு நேர்மாறு, தரையில் படியும். ஆக்சிஜன் குறைந்த கெட்ட காற்றாக இருந்தால் சுடர் மங்கி மங்கித் தானே அணைந்துவிடும். மனிதன் மயங்கி விழுவதற்கு முன்னால் விளக்கு போய்விடும். சர்தார் அதைப் பார்த்துவிட்டு ஆட்களை வெளியே கூட்டிவருவார்.

அந்த ராத்திரிதான் எண் எதற்கு என்றும் சொன்னார். குழிக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்த எண் போட்ட பித்தளை டோக்கன். விளக்கறை ஜன்னலில் டோக்கனைக் கொடுத்தால் அதே எண் விளக்கு கிடைக்கும். டோக்கன் ஆணியில் தொங்கும். ஷிப்ட் முடிந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். "ஷிப்ட் முடிஞ்ச பெறகும் ஆணியில டோக்கன் தொங்குச்சுன்னா, அந்த ஆளு இன்னும் மேல வரல்லன்னு அர்த்தம். பேரு கேக்கவேண்டாம். ஆணியைப் பாத்தாப் போதும்." 1975 டிசம்பர் 27-ல் தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து 370-க்கும் மேற்பட்டவர்கள் போனபோது பெரியம்மை அந்தப் பகுதியில்தான் வேலையில் இருந்தார். அதைப் பற்றி அவர் விரிவாக ஒன்றும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "தூத்தூர்லயும் சின்னத்துறையிலயும் கடலுக்குப் போனவங்க எத்தனை பேருன்னு கணக்கு இல்லங்காங்களே. அவங்களுக்கு இப்படி ஒரு டோக்கன் கிடையாதா மக்களே?"

என்னிடம் பதில் இல்லை. விளக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. தொட்டி விளிம்பில் சாய்ந்த 7 தெளிவாகத் தெரிந்தது. தொப்பியில் நான் தேய்த்தழித்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. நான் அழித்தது ஒரு ஆளின் எண் என்று அப்போதுதான் மனசில் விழுந்தது.

அதற்குப் பிறகு வாங்கிய எதையும் நான் துலக்கியதில்லை. துரு மேலும் பரவாமல் மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். கரி, நசுங்கல், சாலிடர் போட்ட இடம் எல்லாம் அப்படியே இருக்கும். பளபளப்பாக இருந்தால்தான் விலை என்று நினைக்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். குத்துவிளக்குக்கு அது சரி, துலக்கத் துலக்கத்தான் அழகு. சுரங்க விளக்குக்கு அது பொருந்தாது.

பளபளப்பைப் பற்றிப் பேசும்போது அந்த ஒரு போலி விளக்கையும் சொல்லிவிட வேண்டும். 2013-ல் ஆன்லைனில் ஒருவர் "நூறு வருஷப் பழைய டேவி விளக்கு" என்று படம் போட்டிருந்தார். 6,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பார்சலைப் பிரித்ததுமே கனம் கைக்குச் சொல்லிவிட்டது. பித்தளைத் தகடு மெலிசு. வலை ஒன்றே ஒன்று, அதுவும் விரல் நகம் நுழைகிற கண். கண்ணாடியில் அச்சில் வார்த்த தையல்கோடு. மரை நாலு சுற்றில் ஆடியது. எண் எங்கும் இல்லை. எழுத்துப் பொறித்த தகடு மட்டும் பெரிதாக, புதுசாக. அடியில் ஒயர் போக ஒரு துளைகூட இருந்தது. அலங்காரத்துக்காகச் செய்து ஏற்றுமதி பண்ணுகிற சாமான் அது. வரவேற்பறையில் வைக்க அழகுதான், செய்தவரையும் குறைசொல்ல மாட்டேன். பழசு என்று விற்றதுதான் வலித்தது. அதை அலமாரியில் கடைசியில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேகரிக்க வருகிற பையன்களிடம் முதலில் அதையும் 417-ஐயும் இரண்டு கையில் கொடுத்துவிடுவேன். நான் ஒன்றும் விளக்கத் தேவையிருக்காது.

வாங்கியதில் எனக்கு அதிகம் பிடித்தது கோலாரில் கிடைத்த கார்பைடு விளக்கு. கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேலே நம் ஆட்கள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கித் தங்கம் எடுத்த இடம். நான் போனபோது மாரிக்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருந்தபோது, நான் எதற்கு வந்தேன் என்று கேட்டுவிட்டு அந்த வீட்டு ஆயா உள்ளே போய் இதைக் கொண்டுவந்தார். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததாம். அவருடைய மாமனார் வைத்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைடு கல். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, அசிட்டிலின் வாயு வந்து முன்னால் இருக்கிற ஊசித்துளையில் வெள்ளையாக எரியும். பின்னால் கிண்ணம் மாதிரி பளபளப்பான தகடு. தொப்பியில் மாட்டக் கொக்கி. மீத்தேன் இருக்கிற நிலக்கரிச் சுரங்கத்துக்கு இந்தத் திறந்த சுடர் ஆகாது. உலோகச் சுரங்கங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். தங்கவயலில் பயம் வேறு, மேலிருந்து பாறை வெடித்துச் சரிவதும், நெஞ்சில் படிகிற தூசியும்.

ஆயா பணம் வாங்க மறுத்தார். பேரப்பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்று கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். விளக்கைக் கையில் தரும்போது அவர் ஒன்று கேட்டார்: "ஏத்துவீங்களா?" ஏற்றுவேன் என்றேன். வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறேன். பூண்டு நாற்றம் மாதிரி ஒரு வாடை வரும். நம்மூரில் அந்த வாடை தெரியாதவர்கள் கிடையாது, ஏத்தன் குலையைக் கள்ளத்தனமாகப் பழுக்கவைக்கிற கிட்டங்கியில் அடிக்கிற அதே வாடைதான்.

குலசேகரத்திலிருந்து அடுப்பு ரிப்பேருக்கு வந்த ஒரு அண்ணன், ரப்பர் வெட்டுகிறவர், அந்தக் கார்பைடு விளக்கைப் பார்த்துவிட்டு நகரவேயில்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் லைட் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறவர். கேட்டு வாங்கித் தன் நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ரெண்டு கையும் வேலைக்கு வேணும்னா வெளிச்சம் இங்கதான் இருக்கணும்" என்றார். எத்தனையோ பேருக்கு இந்த விளக்கைக் காட்டியிருக்கிறேன், அவரளவுக்கு யாரும் புரிந்துகொண்டதில்லை.

பெரியம்மை 2020-ல் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த ராத்திரி 417-ஐ வீட்டு முற்றத்தில் ஏற்றிவைத்தேன். விடிய விடிய எரிந்தது. காலையில் தொப்பியைக் கழற்றி உள்ளே விரல்விட்டேன். கொஞ்சம் கரி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. இப்போது மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறேன், கரி மெல்லப் படிந்துகொண்டு வருகிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில் யாராவது தன்பாத், ராணிகஞ்ச், கோலார் பக்கம் வேலை பார்த்திருந்தால், பரண்மேல் இப்படி ஒன்று கிடக்கலாம். பித்தளை எடைக்கு ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தரவேண்டும் என்று சொல்லவில்லை. எண் எங்கே குத்தியிருக்கிறது என்று பார்த்து, அது யாருடையது என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி விளக்குக்குள் போட்டு வையுங்கள். 417 யாருடைய எண் என்று நான் பெரியம்மையிடம் கேட்கவேயில்லை. சர்தாருடையதா, அவருக்கு முன்னால் வேறு யாருடையதா, இனிமேல் தெரிய வழியில்லை.

போன மாதம் ஒரு வுல்ஃப் விளக்கு வந்திருக்கிறது. கொல்கத்தாவுக்கு லோடு ஏற்றிப்போன லாரிக்காரர் ஒருவர், நான் சொல்லிவைத்திருந்ததை மறக்காமல் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கிவந்தார். தொட்டி துருவேறி இறுகிக் கிடக்கிறது. மூன்று காந்தம் வைத்தும் 'டிக்' சத்தம் வரவில்லை. உள்ளே முளையின் ஸ்பிரிங் பிடித்திருக்க வேண்டும். சுத்தியலால் தட்டலாம், தட்ட எனக்கு மனசில்லை. கண்ணாடியில் அந்தப் பக்கம் பார்க்க முடியாத அளவுக்குக் கறுப்பு. விளிம்பில் எண் இருக்கிறது, முதல் எழுத்து 2 மாதிரி தெரிகிறது, மற்றது துருவுக்கடியில். மண்ணெண்ணெயில் தலைகீழாக ஊறப்போட்டிருக்கிறேன். நாலாவது காந்தம் ஒன்று தருவதாக சவுண்ட் சர்வீஸ் நண்பர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.